ஐம்பத்தெட்டு முடிகிறது, வேலையை விட மாட்டேன் என்கிறார்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐந்து பக்கக் கடிதம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 54. கணவர் பம்ப் தயாரிக்கும் ஒரு தனியார் தொழிற்சாலையில் டர்னர், அதாவது லேத் மெஷினில் இரும்பு கடைபவர். 34 வருட சர்வீஸ். வரும் மாதக் கடைசியில் 58 முடிகிறது. மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள், அப்புறம் மனுஷன் வீட்டில் இருப்பார் என்று இவர் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். ஆனால் நிர்வாகம் கணவரைக் கூப்பிட்டு, "இதே மெஷின்ல கான்ட்ராக்ட்ல தொடருங்க, மாசம் 18,000 தர்றோம். கிராஜுவிட்டியெல்லாம் கடைசியா நிக்கும்போது மொத்தமா பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறது. அவரும் உடனே தலையாட்டிவிட்டார். இப்போது அவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000. மற்ற படிகளோடு 34,000. சர்க்கரை இருக்கிறது. வலது காது மந்தம். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் நைட் ஷிப்ட்.

"வீட்டுல உக்காந்தா ஆறே மாசத்துல படுத்துருவேன்" என்கிறார் கணவர். பெங்களூரில் இருக்கும் மகனோ, "58-க்கு மேல வேலை செய்யறதே சட்டப்படி தப்பு. அப்பாவை இன்னும் லேத்துல நிக்க வெச்சிருக்கான்னு என்னைத்தானே பேசுவாங்க?" என்கிறார். அரசுப் பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்ற அக்கா வீட்டுக்காரர் காலையில் நடைப்பயிற்சி, மாலையில் கோயில் என்று நிம்மதியாக இருப்பதைச் சொல்லி, "எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்கிறார் வாசகி. சொந்த வீடு, கடன் இல்லை. பி.எஃப்.பில் ஏறக்குறைய 16 லட்சம் இருக்கிறது. பென்ஷன் 4,200 வரும் என்று பி.எஃப். அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுச் செலவு மாதம் 22,000. கடிதத்தின் கடைசி வரி: "இவரை வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப முடியுமா?"

அன்புள்ள சகோதரி,

முதலில் நேரடியான பதில். அனுப்ப முடியாது. 58 வயது நிறைந்த ஒருவர் வேலை செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தொழிற்சாலையின் நிலையாணைகளில் (வேலை விதிகளில்) ஓய்வு வயது 58 என்று இருந்தால், அந்த வயதில் அவரை ஓய்வு கொடுத்து அனுப்பலாம் என்றுதான் அர்த்தம். அதற்குப் பிறகு இருவரும் சம்மதித்தால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் வேலை தொடரலாம். உங்கள் மகன் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்த வயதே கல்லில் எழுதியதும் அல்ல. தமிழக அரசு ஊழியர்களுக்கு 58 ஆக இருந்தது 2020-ல் 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. ஒரே அரசாணையில், அடுத்த மாதம் ஓய்வு பெற வேண்டியவர்கள் இன்னும் ஒரு வருடம் வேலைக்குப் போனார்கள். அவர்கள் உடம்பில் ஒரே இரவில் எதுவும் மாறிவிடவில்லை.

அக்கா வீட்டுக்காரரோடு ஒப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். அது உங்கள் கணவருக்கு நியாயமே இல்லை. 2003 ஏப்ரலுக்கு முன் அரசு வேலையில் சேர்ந்தவருக்கு, முழு சர்வீஸ் இருந்தால், கடைசிச் சம்பளத்தில் பாதி பென்ஷனாக வரும். அதன் மேல் அகவிலைப்படியும் ஏறிக்கொண்டே போகும். உங்கள் கணவருக்கு 34 வருடம் இரும்பு சீவியதற்கு 4,200. பி.எஃப். பென்ஷனில் அகவிலைப்படி கிடையாது. பத்து வருடம் கழித்தும் ஏறக்குறைய அதே தொகைதான் வரும். அக்கா வீட்டுக்காரர் நிம்மதியாக நடக்கிறார் என்றால் அதில் அவர் மனப்பக்குவத்துக்கும் பங்கு இருக்கலாம், ஆனால் பெரும்பங்கு அந்தப் பென்ஷனுடையது. உங்கள் கணவர் வேலையை விடப் பயப்படுவதை வெறும் பிடிவாதம் என்று மட்டும் பார்க்காதீர்கள்.

இருந்தாலும் நிர்வாகம் சொன்ன யோசனையை அப்படியே ஏற்றுக்கொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. உங்கள் வீட்டில் இத்தனை நாளாக "ஓய்வா, வேலையா" என்று சண்டை நடக்கிறது. இவை இரண்டும் வேறு வேறு விஷயங்கள். ரிட்டையர் ஆவது காகிதத்தில் நடப்பது. வேலையை நிறுத்துவது உடம்பும் மனசும் சம்பந்தப்பட்டது. உங்கள் கணவர் வேலையைத் தொடரட்டும், தொடராமல் போகட்டும். காகிதத்தில் அவர் ரிட்டையர் ஆகியே தீர வேண்டும். 34 வருட சர்வீஸ் ஒரு தேதியோடு முடிந்தது என்று கடிதம், அந்தத் தேதிக்கான கணக்கு, கையில் பணம். அதன் பிறகுதான் அடுத்த பேச்சு.

கிராஜுவிட்டியைத் தள்ளிப் போடாதீர்கள்

"கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற அந்த ஒரு வாக்கியம்தான் உங்கள் கடிதத்திலேயே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவது. 26,000-ஐ மாதத்தின் 26 வேலை நாளால் வகுத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று 15 ஆல் பெருக்கினால் 15,000. அதை 34 வருடத்தால் பெருக்கினால் 5,10,000. இது இன்றைக்கு அவருக்குச் சேர வேண்டிய பணம்.

இப்போது வாங்காமல் இரண்டு வருடம் 18,000-க்கு வேலை பார்த்துவிட்டு நிற்கிறார் என்று வையுங்கள். சர்வீஸ் தொடர்ச்சிதான், கடைசிச் சம்பளம் 18,000 என்று கணக்குப் போட்டால், 36 வருடத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 3,74,000 வரும். இரண்டு வருடம் கூடுதலாக உழைத்ததற்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் குறையும். இது கற்பனை இல்லை. இதே மாதிரி ஒரு கணக்குத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் அலுவலகத்தில் ஒரு ஃபிட்டர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஓய்வுக் கடிதமும் இல்லை, புது நியமனக் கடிதமும் இல்லை. எந்தத் தேதியில் எது முடிந்தது என்று நிரூபிப்பதற்கே எங்களுக்கு மாதக்கணக்கில் ஆனது. நிர்வாகம் கெட்ட எண்ணத்தில்தான் சொன்னது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதலாளி மாறலாம், மேனேஜர் மாறலாம். வாய்வார்த்தை அவர்களோடு போய்விடும்.

அதனால் ஓய்வு பெறும் தேதியிலேயே கிராஜுவிட்டிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் வட்டியோடு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறையில் மனுப் போடலாம்.

பென்ஷனும் பி.எஃப்.பும்

வேலைக்குப் போனால் பென்ஷன் வராது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வரும். 58 நிறைந்த மறுநாளிலிருந்தே, வேலையில் இருந்தாலும் அந்தப் பென்ஷன் வாங்கலாம். படிவம் 10டி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். 60 வயது வரை தள்ளிப் போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும் என்பதும் உண்மை. ஆனால் கணக்குப் பாருங்கள். இரண்டு வருடத்தில் 8 சதவீதம், அதாவது மாதம் 336 ரூபாய் கூடுகிறது. அதற்காக 24 மாதப் பென்ஷன், 1,00,800 ரூபாயை விட வேண்டும். விட்டதை அந்த 336-இல் திரும்பப் பிடிக்க 25 வருடம், அவருக்கு 85 வயது ஆகும். சர்க்கரை உள்ளவருக்கு இந்தப் பேரம் வேண்டாம் என்பது என் கருத்து.

பி.எஃப். பணத்தில் ஒரு நுணுக்கம். ரிட்டையர்மென்ட்டில் முழுப் பணத்தையும் எடுத்துவிட்டால், மறுபடி வேலைக்குச் சேரும்போது அவருக்குப் பி.எஃப். பிடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லாமல் போகும். நீங்கள் அதற்காக வருந்த வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அந்தப் பணத்துக்கு வேறு நல்ல இடம் இருக்கிறது. தெரிந்தே முடிவு செய்யுங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

அந்த இடம் அஞ்சலகத்தில் உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். பெயரைப் பார்த்து 60 ஆகட்டும் என்று இருந்துவிடாதீர்கள். 55-க்கு மேல் ஓய்வு பெற்றவர், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட்டால் இப்போதே சேரலாம். அதற்கு என்ன சான்று கேட்பார்கள் தெரியுமா? ஓய்வு பெற்ற தேதியும் கிடைத்த பணமும் எழுதிய நிறுவனக் கடிதம். "அப்படியே தொடருங்கள்" என்று சொல்லிவிட்டால் அந்தக் கடிதமே பிறக்காது. காகிதத்தில் ரிட்டையர் ஆக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகவும்தான்.

8.2 சதவீத வட்டியில் 15 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 வரும். மாதத்துக்கு 10,250. கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத் தொடங்குங்கள். பென்ஷனையும் சேர்த்தால் 14,450. உங்கள் செலவு 22,000. மாதம் பற்றாக்குறை 7,550. பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் சேர்ந்த 21 லட்சத்தில் மீதமுள்ள ஆறு லட்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அவசரத்துக்கும் வங்கியில் இருக்கட்டும்.

இந்த 7,550 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி உங்கள் இருவருக்கும் நடுவில் வையுங்கள். வேலைக்குப் போகாமலே இருந்துவிடலாம் என்று நீங்கள் நினைத்தது இந்த எண்ணோடு ஒத்துவராது. ஆனால் இந்தத் தொகைக்காக வாரம் ஆறு நாளும் நைட் ஷிப்ட்டோடு உழைக்க வேண்டும் என்று அவர் நினைப்பதும் ஒத்துவராது. அதே 18,000 கணக்கில் ஒரு நாள் சம்பளம் ஏறக்குறைய 690. வாரம் நாலு நாள் போனாலே மாதம் 11,000-க்கு மேல் வந்துவிடும்.

மகன் கேட்ட பத்து லட்சம்

கடிதத்தின் நாலாவது பக்கத்தில், வேறொரு பேச்சுக்கு நடுவில் எழுதியிருக்கிறீர்கள்: "பெங்களூரில் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க, செட்டில்மென்ட் பணத்தில் பத்து லட்சம் தரச் சொல்கிறான், கொடுத்துவிடலாம் என்று இருக்கிறோம்."

அம்மா, பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் கொடுத்துவிட்டால் மிச்சம் 11 லட்சம். அவசரத்துக்கு ஒரு பைசா வைக்காமல் அத்தனையையும் போட்டால்கூட மாதம் 7,500 தான் வட்டி. பற்றாக்குறை பத்தாயிரத்தைத் தாண்டும். அப்போது உங்கள் கணவருக்கு வேலை விருப்பமாக இருக்காது; விட முடியாத கட்டாயமாகிவிடும். அப்பா வேலை செய்யக் கூடாது என்பதும், அப்பாவின் ஓய்வுப் பணம் வேண்டும் என்பதும் ஒரே வீட்டில் சேர்ந்து நிற்காது. மகனுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். போனில் பேசாமல், அவர் ஊருக்கு வரும்போது தாளைக் காட்டிப் பேசுங்கள். நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறார், புரிந்துகொள்வார்.

வேலைக்குப் போவதென்றால் எப்படி

"கான்ட்ராக்ட்" என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம். ஆலோசகர் என்று பெயர் போட்டு வவுச்சரில் பணம் கொடுத்தால், அவர் தொழிலாளியே இல்லை என்று நாளைக்கு வாதாட இடம் கிடைக்கும். லேத்தில் விரல் போனாலும் வழக்குப் போட்டுத்தான் இழப்பீடு வாங்க வேண்டியிருக்கும். எனவே நிறுவனமே நேரடியாக, ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ என்று காலம் குறிப்பிட்டு, நியமனக் கடிதம் தர வேண்டும். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, இப்படிக் காலம் குறிப்பிட்ட நியமனத்துக்கு ஓராண்டு முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. ஐந்தாண்டு காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. சம்பளம் 21,000-க்குள் வந்துவிட்டால், அவர் ஊழியராகப் பதிவில் இருக்கும் பட்சத்தில், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு வந்துவிடும். அதற்கு வயது வரம்பு இல்லை. 18,000-க்கு அவர் பங்கு மாதம் 135 ரூபாய்தான். அவருக்கும் உங்களுக்கும் மருத்துவம் கிடைக்கும், வேலையில் விபத்து நேர்ந்தால் அதற்கும் பாதுகாப்பு. சம்பளம் குறைகிறதே என்று வருந்தும் நேரத்தில் இந்த ஒன்றையாவது கேட்டு வாங்குங்கள்.

கடிதத்தில் நைட் ஷிப்ட் கிடையாது என்று தெளிவாக இருக்கட்டும். சட்டப்படியான வேலை நேரத்துக்கு மேல் நின்றால் இரட்டைச் சம்பளம் என்பது 58-க்குப் பிறகும் மாறாது. காதைப் பரிசோதித்து, அந்த அறிக்கை கையில் இருக்கட்டும். முடிந்தால் மெஷினில் நிற்பதைக் குறைத்துவிட்டு, ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையைக் கேட்கச் சொல்லுங்கள். 34 வருடக் கையை எந்த நிர்வாகமும் சுலபமாக விடாது. அவர்கள்தான் கூப்பிட்டார்கள், அதனால் கேட்கும் இடத்தில் உங்கள் கணவர் இருக்கிறார். அது அவருக்கே தெரியவில்லை.

நாலரை மணி

சட்டம் இவ்வளவுதான். இனி நான் எழுதப்போவதற்கு வக்கீல் தேவையில்லை, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்று: "ஞாயிற்றுக்கிழமை ஆனால் மைக்ரோமீட்டரை மரப்பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மறுபடி பெட்டியில் வைப்பார். பேரன் தொட்டால்கூடக் கோபம் வரும்." வேலையை இப்படிப் பார்த்துக்கொள்கிறவரிடம் "போதும், உக்காருங்க" என்றால் அவர் காதில் "நீங்க இனி தேவையில்லை" என்றுதான் விழும். நீங்கள் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். என் அப்பா மில்லில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் பல மாதம் சங்கு ஊதினால் எழுந்து நின்றுவிடுவார். எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்ற அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இன்னொரு இடம்: "முதல் ஷிப்ட் வாரத்தில் நாலரைக்கு எழுந்தால்தான் டிபனும் மதியச் சாப்பாடும் கட்ட முடியும். நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில் தூங்க வேண்டும் என்று குக்கர் விசில் கூட வராமல் பார்த்துச் சமைப்பேன். எனக்கும் அலுத்துவிட்டது." இதை எழுதிவிட்டு, உடனே அடுத்த வரியில் அவருடைய சர்க்கரைக்குப் போய்விட்டீர்கள்.

சகோதரி, அவர் ஷிப்ட் உங்களுக்கும் ஷிப்ட்தான். 33 வருடமாக நீங்களும் அந்தத் தொழிற்சாலையின் நேரத்துக்கு வாழ்ந்திருக்கிறீர்கள், சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாமல். அவர் ரிட்டையர் ஆக வேண்டும் என்று நீங்கள் இவ்வளவு தவிப்பதற்குள் உங்கள் சொந்த ஓய்வும் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதை அவருடைய உடம்பைச் சாக்காக வைத்துக் கேட்க வேண்டாம். நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை.

ஆனால் ஒன்றையும் யோசித்துப் பாருங்கள். அவர் முழுநேரமும் வீட்டில் இருந்தால் உங்களுக்கு ஓய்வு கிடைத்துவிடுமா? பகலில் ஒரு வாரத்துக்கு மேல் அவர் வீட்டில் இருந்ததே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதினொரு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ, நடுவில் "இது ஏன் இங்க இருக்கு?" என்ற கேள்வி. நாலரை மணிச் சமையல் நின்று நாள் முழுக்கச் சமையல் வந்தால் உங்களுக்கு என்ன லாபம்?

அதனால் என் யோசனை இது. ஓய்வுத் தேதிக்கும் புது வேலை தொடங்கும் தேதிக்கும் நடுவில் ஒரு மாதம் இடைவெளி கேளுங்கள். பழைய சர்வீஸ் முடிந்துவிட்டது என்பதற்கு அந்த இடைவெளி நல்ல சாட்சி. கிராஜுவிட்டி, பென்ஷன் படிவம், அஞ்சலகக் கணக்கு எல்லாவற்றையும் அதற்குள் முடிக்கலாம். அதைவிட முக்கியம், வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று இருவரும் பார்த்துவிடுவீர்கள். "படுத்துருவேன்" என்கிற அவர் பயமும், "நிம்மதியா இருப்போம்" என்கிற உங்கள் ஆசையும் எந்த அளவுக்கு நிஜம் என்று அந்த முப்பது நாளில் தெரிந்துவிடும். பழனிக்குப் போய் இரண்டு நாள் தங்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, அதையும் அந்த மாதத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகும் வேலைக்குப் போவேன் என்றால், போகட்டும். பகல் ஷிப்ட், வாரம் நாலு நாள். மதியச் சாப்பாடு கேன்டீனில். காலை டீ அவரே போட்டு, உங்களுக்கும் ஒரு டம்ளர் வைக்கட்டும். நியமனக் கடிதத்தில் நிர்வாகத்தோடு பேசி நிபந்தனை எழுதுகிறவர், வீட்டிலும் இரண்டு நிபந்தனைக்குச் சம்மதிப்பதில் தவறில்லை.

கையெழுத்துப் போடும் முன் ஓய்வுக் கடிதம், புது நியமனக் கடிதம் இரண்டின் வரைவையும் உங்கள் ஊரில் தொழிலாளர் வழக்கு பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடமோ, தொழிற்சங்க அலுவலகத்திலோ காட்டிவிடுங்கள். கணக்குப் பகுதியை நீங்கள் அவருக்குப் படித்துக் காட்டலாம். "நாலரை மணி" என்ற பகுதியை மட்டும், கண்ணாடியைக் கொடுத்து, அவரையே படிக்கச் சொல்லுங்கள்.